டிமென்ஷியா உள்ளவரைப் பார்த்துக்கொள்பவரின் மனச்சுமைக்குப் போனில் எது உண்மையாகவே உதவும்?

தாமிரபரணி (கேள்வி)

வணக்கம். டிமென்ஷியா (மறதிநோய்) உள்ளவர்களின் குடும்பங்களுக்காக மாதம் ஒருமுறை நடக்கும் கூட்டத்துக்கு ஒரே ஒரு தாள், முன்னும் பின்னுமாக, தயாரிக்க வேண்டியிருக்கிறது. நோயாளிக்கான தாள் அல்ல. அவரைப் பார்த்துக்கொள்பவரின் மனம் உடையாமல் இருக்கப் போனை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதுதான் பொருள்.

வாசிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் 45 முதல் 60 வயதுப் பெண்கள்: மகள், மருமகள், மனைவி. பத்தாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய ஆண்ட்ராய்டு போன். வாட்ஸ்அப்பும் யூடியூபும் பழக்கம். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள், அவ்வளவுதான். தனக்கென்று நாளில் கிடைப்பது இருபது நிமிடம், அதுவும் துண்டு துண்டாக.

தியானம், மூச்சுப்பயிற்சி ஆப்களைத்தான் இதுவரை சொல்லிவந்தோம். நிலைக்கவில்லை. இலவச நாள்கள் முடிந்ததும் பணம் கேட்கிறது. குரல் ஆங்கிலத்தில் வருகிறது. "அமைதியான இடத்தில் அமருங்கள்" என்று ஆரம்பிப்பதற்குள் உள்ளறையிலிருந்து கூப்பிடும் சத்தம் வந்துவிடுகிறது.

கேட்க விரும்புவது: முதலில் எதைச் செய்யச் சொல்வது? சுமை கைமீறிப் போகிறது என்பதை வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது? அண்ணன் தம்பி இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பே பல வீடுகளில் தலைவலியாகிவிடுகிறது, அதை என்ன செய்வது? இரவு இரண்டு மணிக்கு யாரிடம் பேசலாம்? உரையாடும் ஏ.ஐ. ஆப்களைச் சொல்லலாமா, கூடாதா?

---

வேப்பநிழல்

தாளில் எது முதலில் வருகிறது என்பதுதான் முக்கியம். மனநலம் என்றதும் மனதுக்கான ஆப்பைத் தேடப் போவதில்தான் பிசகு ஆரம்பிக்கிறது. பார்த்துக்கொள்பவரைத் தளர வைப்பவை பெரும்பாலும் மூன்று: அறுந்து அறுந்து கிடைக்கும் தூக்கம், ஒரே ஆள் தலையில் விழும் வேலை, "நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ" என்ற குற்றவுணர்வு. முதல் இரண்டும் அப்படியே இருக்கும்போது மூன்றாவதைப் பேசித் தீர்க்க முடியாது. எனவே தூக்கத்தையோ, இன்னொருவரின் இரண்டு கைகளையோ வீட்டுக்குள் கொண்டுவரும் ஏற்பாடுகள் தாளின் முன்பக்கத்தில் வரட்டும். மூச்சுப்பயிற்சி பின்பக்கத்தின் கடைசியில் இருந்தால் போதும்.

சுமையை அளப்பது பற்றி. ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் ஜாரிட் அளவுகோலில் 22 கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88. நல்ல கருவிதான், ஆனால் உங்கள் தாளுக்கு நீளம். உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூ.எச்.ஓ-5 பொருத்தமாக இருக்கும். ஐந்தே வாக்கியங்கள், எல்லாமே நல்லவிதமாகக் கேட்பவை: கடந்த இரண்டு வாரங்களில் மகிழ்ச்சியாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, எழும்போது தூங்கி எழுந்த தெளிவு இருந்ததா, அன்றாட வாழ்க்கையில் பிடித்த விஷயங்கள் இருந்தனவா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டுத்தொகையை 4-ஆல் பெருக்கினால் 100-க்கு மதிப்பெண். 50 அல்லது அதற்குக் கீழே என்றால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அடுத்த படி பி.எச்.க்யூ-9. மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. தமிழிலும் இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும். மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே பேச வேண்டும். மொத்தம் 6 வந்தது என்று நிம்மதியாக மூடி வைத்துவிட்டு, அந்த 6-க்குள் ஒன்பதாவது கேள்வியின் 1 இருப்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய தவறு.

இன்னொரு தவறு, மோசமான இரவு முடிந்த காலையில் போடுவது. கேள்வி இரண்டு வாரத்தைப் பற்றியது. மனது நேற்றைய இரவைத்தான் சொல்லும். மாதத்தில் ஒரு தேதியை, உதாரணமாக 5-ஆம் தேதி மாலையை, அலாரத்தில் வைத்துவிட்டு அன்று மட்டும் போடட்டும். எண்ணை எழுதி வைக்கட்டும். ஒரு மாத எண்ணைவிட மூன்று மாதமாக எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் மருத்துவருக்கு உதவும்.

ஓர் எச்சரிக்கையும் அங்கேயே எழுதுங்கள்: இந்த வயதில் உடம்பு இழுத்துப்போட்டாற்போல் இருப்பதெல்லாம் மனச்சோர்வாக இருக்க வேண்டியதில்லை. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துப் போகும்போது தனக்கும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ள யாரும் நினைவுபடுத்துவதில்லை.

எண்ணுக்குள் வராத ஓர் அறிகுறி உண்டு. கையை ஓங்கிவிட்டேன், பிடித்துத் தள்ளிவிட்டேன், தூங்கட்டும் என்று ஒரு மாத்திரை கூடுதலாகக் கொடுத்துவிட்டேன். இது நடந்தால் கெட்ட மருமகள், கெட்ட மகள் என்று அர்த்தமில்லை. ஒரு ஆள் தாங்கும் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். கூடுதல் மாத்திரை போயிருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மற்றவற்றுக்கும் அன்றைக்கே உதவி கேட்க வேண்டும். இந்த வரியைத் தாளில் கட்டாயம் போடுங்கள். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுபவர்கள் படித்தாவது தெரிந்துகொள்வார்கள்.

---

மின்கலம்

இரவுத் தூக்கம் பத்தி நான் எழுதுறேன். செலவு அதிகம் இல்ல.

பார்த்துக்கிறவங்க போனை சைலன்ட்ல போட மாட்டாங்க. ஏதாவது அவசரம் வந்துட்டா? அதனால காலைல அஞ்சு மணி குட்மார்னிங் படம் வரைக்கும் எல்லாமே எழுப்பிவிடும். போன்ல "தொந்தரவு செய்ய வேண்டாம்" வசதி இருக்கு. அமைப்புகள்ல ஒலி அல்லது அறிவிப்புப் பகுதியில கிடைக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும், மேல தேடல் பெட்டியில "தொந்தரவு"னு அடிச்சா வந்துடும். அதை இரவு 10 முதல் காலை 6 வரை தானா ஓடுற மாதிரி நேரம் வையுங்க. உள்ள "அழைப்புகள்"ங்கிற இடத்துல நட்சத்திரம் போட்ட தொடர்புகளை மட்டும் அனுமதிங்க. நட்சத்திரம் நாலு பேருக்கு மேல வேண்டாம். "மீண்டும் அழைப்பவர்கள்"ங்கிறதையும் ஆன் பண்ணுங்க: ஒரே ஆள் 15 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா மணி அடிக்கும். அவசரம்னா ரெண்டு தடவை கூப்பிடுங்கன்னு வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டா பயம் போயிடும். அலாரம் அனுமதி ஆன்ல இருக்கான்னு பாத்துக்குங்க. இல்லன்னா காலை மாத்திரை அலாரமும் அடங்கிடும்.

அடுத்தது, காது. பக்கத்து அறையில அவங்க எந்திரிக்கிறாங்களான்னு கேட்டுக்கிட்டே படுத்திருக்கிற தூக்கம் தூக்கமே இல்ல. ஆரம்ப நிலையில, பட்டன் அமுக்கணும்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும், கம்பியில்லா காலிங் பெல் போதும். பட்டனை அவங்க கட்டில்ல ஒட்டிட்டு மணியை உங்க அறையில வையுங்க. சுவத்துல சொருகுற மணி கரண்ட் போனா செத்துரும். அதனால பேட்டரி போடுற மணியா பாத்து வாங்குங்க. பக்கத்து வீட்டு பெல்லுக்கு உங்க மணி அடிச்சா, மணியில இருக்கிற பட்டனை அழுத்திப் பிடிச்சு புதுசா இணைச்சுக்கலாம்.

நோய் முத்தினா பட்டன் அமுக்க மாட்டாங்க. அப்ப அசைவு உணரி. இதுல எல்லாரும் பண்ற தப்பு, சுவத்துல உயரமா மாட்டறது. அவங்க புரண்டு படுத்தாலே அடிக்கும், மூணாம் நாள் எரிச்சல்ல கழட்டி வச்சிடுவாங்க. கட்டிலுக்கு அடியில, தரையிலேர்ந்து ஒரு சாண் உயரத்துல, அவங்க கால் வைக்கிற பக்கம் பாத்து ஒட்டுங்க. கால் தரையில பட்டாத்தான் அடிக்கும். ஃபேன் காத்துல ஆடுற திரை, பூனை, ரெண்டும் அந்தப் பக்கம் இல்லாம பாத்துக்குங்க. சத்தம் உங்க அறையிலதான் வரணும். அவங்க அறையில அலறுற மாதிரி இருந்தா பயந்து எந்திரிச்சு விழுந்துடுவாங்க. அந்தப் பக்கமே தானா எரியிற சின்ன விளக்கு ஒண்ணும் இருந்தா நல்லது.

மாத்திரைக்குத் தனி ஆப் போடாதீங்க. இந்த விலை போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க பின்னணியில ஓடுற ஆப்பை நிறுத்திடும், நினைவூட்டல் வரவே வராது. போன்லயே இருக்கிற கடிகார அலாரம் நிக்காது. அலாரத்துக்குப் பேர் வைக்கலாம்: "இரவு, சாப்பிட்ட பிறகு, வெள்ளை 1, மஞ்சள் அரை". ஆனா அலாரம் அடிச்சுது, கொடுத்தோமா இல்லையான்னு அலாரத்துக்குத் தெரியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வர்ற அந்தக் கவலைதான் பெருசு. ஏழு நாள் டப்பா ஒண்ணு வாங்கி ஞாயித்துக்கிழமை நிரப்பிட்டா, அறை காலியா இருந்தா கொடுத்தாச்சு. முடிஞ்சுது.

---

முறைவாசல்

வாட்ஸ்அப் குரூப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உடன்பிறந்தவர்களின் குரூப்தான் பல வீடுகளில் இருக்கும் ஒரே கருவி. அது சரியாக நடந்தால் வேறெதுவும் அவ்வளவு உதவாது. தவறாக நடந்தால் அதுவே நோய்க்கு மேல் நோய்.

ஒரே குரூப்பில் நலம் விசாரிப்பு, கோயில் படம், மருத்துவர் சீட்டு, பணக் கணக்கு, பழைய மனத்தாங்கல் எல்லாம் ஓடுவதுதான் கோளாறு. இரண்டாகப் பிரியுங்கள். பழைய குரூப் அப்படியே இருக்கட்டும். பார்த்துக்கொள்பவர் அதை "எப்போதும்" என்று மியூட் செய்துவிடலாம். புதிய குரூப்புக்கு "அம்மா – முறை" என்று பெயர். ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுப்பவர் மட்டும்தான் அதில் இருக்கலாம். ஒட்டுக்குடித்தனத்தில் முறைவாசல் போல: முறை உள்ளவருக்குத்தான் அங்கே இடம்.

அந்தக் குரூப்பில் கேள்விக்கு இடமில்லை, நேரத்துக்குத்தான் இடம். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று நான்கு பேர் கேட்டால் நான்கு தடவை பதில் எழுதும் வேலையும் பார்த்துக்கொள்பவருக்கே சேர்கிறது. "ஏன் இவ்வளவு மெலிஞ்சிட்டாங்க?" என்பது அதைவிட மோசம், குற்றச்சாட்டாகவே போய்ச் சேரும். மாறாக இப்படி எழுதப் பழக வேண்டும்:

"வியாழன் காலை 10–1 நான் வர்றேன். நீ வெளியே போ. சாப்பாடு நான் கொண்டுவர்றேன்."

நாள், நேரம், யார், என்ன. இந்த நான்கும் இல்லாத உதவி உதவியாகக் கணக்கில் வராது. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதில் நான்கும் இல்லை.

ஞாயிறு இரவு 8 மணிக்கு வரும் வாரத்தின் இடைவெளிகளை வாக்கெடுப்பாகப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்புக் குறியைத் தொட்டால் வாக்கெடுப்பு இருக்கும். "செவ்வாய் 4–6", "வியாழன் 10–1", "சனி இரவு". பார்த்துக்கொள்பவரே இதைப் போடக் கூடாது. கேட்பதே ஒரு சுமை. வெளியூரில் இருப்பவர் போடட்டும், யாரும் எடுக்காத இடத்துக்கு அவரே ஆளுக்கு ஆள் போன் செய்யட்டும். முடிவான பட்டியலைக் குரூப்பின் மேலே பின் செய்யுங்கள். 7 நாள் என்று தேர்ந்தெடுத்தால் அடுத்த ஞாயிறு அதுவாகவே இறங்கிவிடும்.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவருக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது: மருந்து, டயபர், மெத்தை விரிப்பு ஆன்லைனில் வாங்குவது, கரண்ட் பில், போன் ரீசார்ஜ், காப்பீட்டுத் தாள்கள், மருத்துவர் நேரம் பதிவு, கூட்டிப்போக டாக்சி. இவற்றில் பாதிக்கு மேல் அங்கிருந்தே முடியும். செலவுக்கு ஒரு பகிர்ந்த கூகுள் ஷீட்: தேதி, என்ன, எவ்வளவு, யார் கொடுத்தது. இந்த நான்கு கட்டம் இருந்தால் பணப் பேச்சில் பாதிச் சண்டை எழாது.

இதைத் தவிர வீடியோ கால் ஒரு வேலை. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், குறித்த நேரத்தில் அரை மணி. போனை ஸ்டாண்டில் நிறுத்தி, சார்ஜரில் போட்டு, ஒலியைக் கூட்டிவைத்துவிட்டுப் பார்த்துக்கொள்பவர் எழுந்து போய்விட வேண்டும். குளிக்க, மாடியில் நடக்க, சும்மா உட்கார. அந்த அரை மணியில் பேசுபவர் நினைவைச் சோதிக்கக் கூடாது. "நான் யார்னு சொல்லு பார்ப்போம்" என்றால் ஐந்து நிமிடத்தில் கோபமோ அழுகையோ வந்து கால் முடிந்துவிடும். பழைய ஊர், பழைய சமையல், பாடத் தெரிந்த பாட்டு. போனின் பின்னால் யார் பேசுகிறார்கள் என்று எழுந்து தேடும் நிலை வந்துவிட்டால் இந்த வழி வேலை செய்யாது. விழும் ஆபத்து உள்ளவரை இப்படித் தனியே விட்டுப் போகவும் கூடாது.

பழைய குரூப்பை விட்டே வெளியேற விரும்புபவர்களுக்கு: 2022-லிருந்து வாட்ஸ்அப்பில் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகிறது, எல்லோருக்கும் அல்ல.

---

தாமிரபரணி

கைக்கு எட்டுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள், நன்றி. உடன்பிறந்தவரே இல்லாதவர்கள், இருந்தும் ஒதுங்கிவிட்டவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு? இரவு இரண்டு மணிக் கேள்வியும் ஏ.ஐ. கேள்வியும் பாக்கி இருக்கின்றன. மருத்துவரிடம் போகும்போது "தூங்க மாட்டேங்கிறாங்க, கத்துறாங்க" என்பதற்கு மேல் சொல்ல வராமல் திரும்பி வருகிறார்கள், அதற்கும் ஏதாவது வழி சொல்லுங்கள்.

---

வேப்பநிழல்

இரவு இரண்டு மணிக்கு: 14416. மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். 1800 891 4416 என்பதும் அதே சேவைதான். இரண்டையும் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். 2024 அக்டோபரில் இதற்குச் செயலியும் வந்தது. வீடியோ ஆலோசனையை முதலில் தொடங்கிய மூன்று மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

நோயாளியின் கஷ்டத்தையே பேசிவிட்டு வைத்துவிடுவதுதான் இதில் வழக்கமாக நடப்பது. ஆலோசகரும் நோயாளிக்கான வழியைச் சொல்லுவார், பார்த்துக்கொள்பவர் விஷயம் அப்படியே நிற்கும். அதனால் முதல் நிமிடத்தில் சொல்ல வேண்டியதைத் தாளில் அச்சிட்டே கொடுங்கள்:

"நான் எனக்காகக் கூப்பிடுகிறேன். டிமென்ஷியா உள்ள மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று வாரமாகத் தொடர்ந்து தூக்கமில்லை. பி.எச்.க்யூ-9-ல் 14 வந்தது. ஒன்பதாவது கேள்விக்கு 1 போட்டேன். திரும்பக் கூப்பிடுவதென்றால் மதியம் 3 முதல் 4 வரைதான் என்னால் பேச முடியும்."

கடைசி வரி சிறியதாகத் தெரியும், ஆனால் அது இல்லாவிட்டால் திரும்ப வரும் அழைப்பு குளிப்பாட்டும் நேரத்தில் வந்து தவறிவிடும்.

தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்கள் சென்னையின் சிநேகா அமைப்பையும் அழைக்கலாம்: 044 2464 0050. உடனடி உயிராபத்து என்றால் 108 மட்டுமே.

யாருமற்றவர்களுக்கு: 14567, முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. முதியோர் இல்லம், பகல்நேரப் பராமரிப்பு, சட்ட உதவி பற்றிய தகவலுக்கு இதுதான் வாசல். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே உண்டு. பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். மாதம் ஒரு நாள் வரிசையில் நிற்பது மிச்சமானால் அதுவும் மனநல உதவிதான். சென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் டிமென்ஷியா பிரிவையும், மற்ற இடத்தவர்களுக்கு டிமென்ஷியாவுக்கான தேசியச் சங்கமான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ.-யின் கிளைகளையும் குறிப்பிடுங்கள்.

மருத்துவரிடம் சொல்ல வராததற்குக் குரல்வழிக் குறிப்பு. கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலி அல்லது தனக்குத்தானே அனுப்பும் வாட்ஸ்அப், எது வசதியோ அது. விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடும். மூன்றே விஷயம்: முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தார்கள், எப்போது எதனால் அடங்கியது. இப்படி:

"மாலை 5.40. எங்க வீட்டுக்குப் போகணும்னு பதினோரு தடவை. காபி குடிக்கல. கூடத்துல விளக்கு போடல, இருட்டிக்கிட்டு வந்துச்சு. 6.15-க்கு விளக்கு போட்டு பக்கத்துல உக்காந்ததும் அடங்கிட்டாங்க."

பத்து நாள் இப்படி இருந்தால் போதும், தினமும் ஐந்தரைக்கு மேல்தான் என்பது கண்ணில் படும். ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டு, காபியை முன்னே கொண்டுவந்து பார்க்கலாம். "என்னால்தான் இப்படிக் கத்துகிறார்களோ" என்ற நினைப்பு குறைவதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை, ஏனென்றால் காரணம் விளக்கில் இருந்தது என்று அவர் கையாலேயே எழுதியிருப்பார். நாள் முழுக்க எழுத வேண்டாம். மிகவும் படுத்திய ஒரு சம்பவம், ஒரு நாளைக்கு ஒன்று. எல்லாவற்றையும் பதிய ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் நின்றுவிடும்.

டிமென்ஷியா உள்ளவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ-சப்போர்ட் பயிற்சியையும் கூட்டம் நடத்துபவர் என்ற முறையில் நீங்கள் பாருங்கள். 23 பாடங்கள், அதில் 10 நடத்தை மாற்றங்களைப் பற்றியவை, 3 பார்த்துக்கொள்பவரின் சொந்த நலம் பற்றியவை. கையேட்டை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இணைப்பை அனுப்பிவிட்டு விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் இதை இணையவழியாகச் சோதித்தபோது சேர்ந்த 151 பேரில் மூன்றாம் மாத முடிவில் மீண்டும் பதில் தந்தவர்கள் 55 பேர்தான். தனியாகத் திரையின் முன் உட்கார நேரம் இருப்பவருக்கு இந்தப் பயிற்சியே அவ்வளவு தேவைப்படாதே. மாதக் கூட்டத்தில் ஒரு பாடம், தமிழில் நீங்களே சொல்லி, அதன் சாரத்தை மூன்று நிமிடக் குரல்பதிவாகக் குரூப்பில் போடுங்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பார்கள்.

---

திண்ணைவாசி

ஏ.ஐ. பற்றியும் மற்ற மனநல ஆப்கள் பற்றியும்.

தகவல் கேட்கப் பயன்படுத்தலாம்: "குளிக்க மறுக்கும்போது எப்படிப் பேசுவது", "மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழில் பட்டியலிடு". மருந்தின் அளவைக் கேட்கக் கூடாது. உயிரை விடும் எண்ணம் வரும்போது அதனிடம் பேசக் கூடாது. தவறாகப் புரிந்துகொண்டாலும் அதே உறுதியோடு பதில் சொல்லும். நேரில் வந்து கதவைத் தட்டவும் அதனால் முடியாது. நேரம், பொறுமை, எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காத பதில் எல்லாம் கிடைப்பதால் மனிதர்களிடம் பேசுவதை மெல்ல நிறுத்திவிடும் ஆபத்தும் உண்டு. வாரத்தில் அதனிடம் பேசியதில் ஒன்றையாவது ஒரு மனிதரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.

ஆப் என்பது நிரந்தரம் அல்ல என்பதையும் சொல்லுங்கள். மனநல உரையாடலுக்கென்றே பெயர் பெற்றிருந்த வோபாட் 2025 ஜூன் 30-உடன் மூடப்பட்டது. மாதக்கணக்கில் எழுதும் குறிப்புகள் சொந்த நோட்டிலோ சாதாரணக் குறிப்புச் செயலியிலோ இருப்பது நல்லது.

ரகசியம் பெரிய விஷயம். மொசில்லா அறக்கட்டளை 2022-ல் 32 மனநல, பிரார்த்தனை ஆப்களைச் சோதித்து 28-க்கு எச்சரிக்கை முத்திரை போட்டது. ஆன்லைன் ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனர்களின் விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக எழுந்த வழக்கில் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 78 லட்சம் டாலர் கட்ட 2023-ல் ஒப்புக்கொண்டது. ஆகவே எந்த ஆப்பையும் நிறுவும்போது தொடர்புகள், இருப்பிடம் இரண்டுக்கும் அனுமதி கேட்டால் மறுக்க வேண்டும். மூச்சுப்பயிற்சி ஆப்புக்கு உங்கள் மாமாவின் போன் நம்பர் எதற்கு?

மூச்சுப்பயிற்சிக்கு ஆப்பே வேண்டாம். 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. போன் டைமரில் 5 நிமிடம். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். குக்கர் விசில் வரும் வரை அடுப்படியிலேயே செய்யலாம், அமைதியான இடம் தேவையில்லை.

---

மின்கலம்

கேமரா பத்தி யாரும் சொல்லல, கூட்டத்துல கண்டிப்பா கேப்பாங்க. நான் ஆதரவுதான், பக்கத்துக் கடைக்குப் போயிட்டு வர்ற பதினஞ்சு நிமிஷம் நிம்மதியா போகலாம். வாசலைப் பாத்து ஒண்ணு, கூடத்துல ஒண்ணு. கூட வர்ற பாஸ்வேர்டை அன்னைக்கே மாத்தணும், ரெண்டு படி சரிபார்ப்பு ஆன் பண்ணணும். கரண்ட் போனா வைஃபை போயிடும். ரூட்டருக்கு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் இருந்தா ரூட்டர் தாங்கும், ஆனா கேமராவுக்கும் தனியா ஏற்பாடு வேணும்.

---

முறைவாசல்

மின்கலம் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். கேமராவின் இணைப்பை உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நோயாளியைப் பார்க்க மாட்டார்கள், பார்த்துக்கொள்பவரைப் பார்ப்பார்கள். "மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் சாப்பாடு கொடுக்கலையே" என்று வெளியூரிலிருந்து ஒரு செய்தி வந்தால் போதும், கேமரா தந்த நிம்மதி முழுவதும் போச்சு. இணைப்பு ஒருவர் போனில் மட்டும் இருக்கட்டும். படுக்கையறையிலும் குளியலறைப் பக்கமும் வேண்டாம், உடை மாற்றும் இடம் அது. அசையும்போதெல்லாம் அறிவிப்பு வருவதை நிறுத்தி, வாசல் கேமராவுக்கு மட்டும் வையுங்கள். இல்லையென்றால் வெளியே போன பதினைந்து நிமிடமும் போனையே பார்த்துக்கொண்டு நடப்பார்.

---

தாமிரபரணி

முன்பக்கம்: இரவு அமைப்பு, மணி, முறை குரூப், வீடியோ அரை மணி. பின்பக்கம்: ஐந்து வாக்கியங்கள், 14416-ல் சொல்ல வேண்டிய முதல் நிமிடம், கையை ஓங்கிவிட்டால் என்ற வரி, மூச்சு. ஆப் பெயர் ஒன்றுகூடப் போடவில்லை. பி.எச்.க்யூ-9-ஐ முழுசாகப் பின்பக்கத்தில் அச்சிடலாமா?

---

வேப்பநிழல்

தாளில் வேண்டாம். அது சமையலறைச் சுவரில் ஒட்டப்படும், வருகிறவர் போகிறவர் படிப்பார்கள். ஒன்பதாவது கேள்விக்கு யாரும் உண்மையான பதில் போட மாட்டார்கள். கூட்டத்தில் தனியே உட்கார்ந்து போடட்டும், போட்ட உடனே பக்கத்தில் பேச ஆள் இருக்க வேண்டும். ஐந்து வாக்கியங்கள் சுவரில் இருந்தால் யாருக்கும் உறுத்தாது.

14416-ஐ எண்ணாக மட்டும் அச்சிட்டால் வேண்டிய நேரத்தில் தாளைத் தேடுவார்கள். கூட்டத்திலேயே ஒவ்வொருவர் போனிலும் தொடர்பாகச் சேமித்து, அந்தத் தொடர்பைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, முகப்புத் திரையில் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடி இல்லாமல், தேடாமலே போக வேண்டும். பெயரை "மனநலம்" என்று வைக்கத் தயங்குபவர்கள் இருப்பார்கள். "தோழி" என்று வைத்துக்கொள்ளட்டும்.